கையேடு எழுதிய பள்ளிக்கூடப் பையன்

1/ இன்னைக்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர் வரலாறு. கடைசியில நம்ம ஓபிக்குத்தான் வந்து நிக்கும். பொறுமையா படிங்க.

2/ 1968, அமெரிக்காவின் சியாட்டில். ஒரு கம்ப்யூட்டர் நிறுவனம் பள்ளி மாணவர்கள் சிலரோட ஒப்பந்தம் போடுது. எங்க சிஸ்டத்துல பிழை கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, காசில்லாம உபயோகிச்சுக்கோங்க! அந்தப் பசங்கள்ல ரெண்டு பேர் பில் கேட்ஸ், பால் ஆலன்.

3/ 1976. ஸ்டீவ் ஜாப்ஸ் வீட்டு கார் ஷெட்டில் ஆப்பிள் இயங்கிய காலம். அங்கே வேலைக்குச் சேர்ந்த கிறிஸ் எஸ்பினோசாவுக்கு வயசு 14. ராண்டி விக்கின்டன்னு இன்னொரு பள்ளி மாணவரும் உண்டு.

4/ 1977-ல் ஆப்பிள் II வந்தது. வீட்டுக்குள்ள வர்ற கம்ப்யூட்டர். எஸ்பினோசா அதுக்கு புரோகிராம் எழுதினார், வர்றவங்களுக்கு இயக்கிக் காட்டினார். பிறகு கல்லூரியில் படிச்சுக்கிட்டே அதோட கையேட்டையும் எழுதினார்.

5/ மெஷினை வடிவமைச்சது வாஸ்னியாக். அது பசங்களால முடியாது. ஆனா புதுசா தொடுறவன் எங்க முட்டிக்குவான்னு நேத்து முட்டிக்கிட்டவனுக்குத்தான் நல்லா தெரியும்.

6/ நம்ம நாட்டுல 1984-ல் 'கிளாஸ்' திட்டம். 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் கொடுத்துத் தொடங்கினாங்க. நல்ல முயற்சி. பல வருஷம் கழிச்சு, சிதம்பரத்துல நான் படிச்சப்ப, செருப்பைக் கழட்டிட்டு லேபுக்குள்ள போவோம். "எதையும் தொடாதீங்கடா"ன்னு மட்டும் சொல்வாங்க. "உனக்கு எது புரியல?"ன்னு ஒருநாளும் கேட்டதில்ல.

7/ நானும் அதே தப்பைச் செஞ்சேன். கடலூர்ல, டைப் 1 சர்க்கரை நோய் உள்ள 13 வயசுப் பொண்ணு. இன்சுலின் பாட்டில்ல 40-னு போட்டிருந்தா 40 சிரிஞ்ச், 100-னா 100 சிரிஞ்ச்னு அவ அம்மாகிட்ட பத்து நிமிஷம் விளக்கினேன். மாத்திப் போட்டா டோஸ் தப்பாயிடும், உயிருக்கே ஆபத்து. அம்மா தலையை ஆட்டினாங்க.

8/ பொண்ணு சொல்லுச்சு: "சார், அம்மாவுக்கு நம்பர் படிக்க வராது. நம்ம பாட்டிலுக்கு சிவப்பு மூடி ஊசின்னு சொல்லுங்க."

40 சிரிஞ்சுக்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு. எனக்கும் தெரிஞ்ச விஷயம்தான். சொல்லத் தோணல.

9/ இப்பல்லாம் ரெண்டு சிரிஞ்சையும் மேசையில வச்சு, மூடியைக் காட்டித்தான் ஆரம்பிக்கிறேன். விளக்கி முடிச்சதும் கூட வந்த பிள்ளைகிட்ட, "அம்மாவுக்கு நீ எப்படிச் சொல்லுவ?"ன்னு கேக்குறேன்.

உங்க வீட்டுலயும் கேட்டுப் பாருங்க.