இதய மின்வழி வரைபடமாக்கம்

இதயத் துடிப்பு தடம்புரளும்போது, தசையின் எந்தப் புள்ளியிலிருந்து அந்தக் கோளாறு எழுகிறது என்று தேடிப் பிடிக்கும் மருத்துவ முறை. துடிப்பை உண்டாக்கும் மின் அலை ஓரிடத்தில் எழுந்து சுற்றிலும் பரவும். பல இடங்களில் மின்முனையை வைத்து, அந்த அலை எங்கே முதலில் வந்தது என்று பார்த்தால் பிறப்பிடம் அகப்படும். நேர வேறுபாடு சில மில்லிசெகண்டுகள்தான். லண்டனில் தாமஸ் லூயிஸ், ஐந்தோவன் உருவாக்கிய ஈசிஜி கருவியைக் கொண்டு 1910களிலேயே நாய்களின் இதயத்தில் இதை அளந்துவிட்டார்.

மனிதருக்கு அது சிகிச்சையாக மாற அரை நூற்றாண்டு ஆனது. 1968 மே மாதம் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையில் மீனவர் ஒருவரின் நெஞ்சைத் திறந்தார் அறுவை மருத்துவர் வில் சீலி. பிறவியிலேயே மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே கூடுதலாக ஒரு மின்பாதை இருக்கும் உல்ஃப்-பார்க்கின்சன்-வைட் நோய் அந்த மீனவருக்கு. துடித்துக்கொண்டிருந்த இதயத்தின் மேற்பரப்பில் மின்முனையை ஒவ்வொரு புள்ளியாக ஒற்றி எடுத்தார்கள். வலப்புறம், இரு அறைகளும் சேரும் பள்ளத்தை ஒட்டிய ஓரிடத்தில் மின் அலை முந்திக்கொண்டு வந்தது. அங்கே கத்தி வைத்ததும் ஈசிஜியில் அந்நோய்க்கே உரிய சரிவு மறைந்தது. மருந்துக்கு அடங்காத ஒரு நோய், இடம் தெரிந்த ஒரே காரணத்தால் குணமானது.

1970களில் மார்க் ஜோசப்சன் தொடைச் சிரை, தமனி வழியாகக் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தி, நெஞ்சைத் திறக்காமலே உட்சுவரை வரைபடமாக்கினார். மெல்வின் ஷைன்மன் 1981இல் கதீட்டர் வழியே மின்னதிர்ச்சி கொடுத்து இதயத் திசுவை அழித்துக் காட்டினார். மேலறைக்கும் கீழறைக்கும் உள்ள இயல்பான இணைப்பையே அறுக்கும் முரட்டு முறை அது. அதன்பின் வாழ்நாள் முழுதும் பேஸ்மேக்கர் வேண்டும். பின்னர் வந்த ரேடியோ அலைவரிசை மின்சாரம் சில மில்லிமீட்டர் மட்டும் சுட்டது. சூடு சிறுத்ததால் குறி துல்லியமாக வேண்டியிருந்தது. 1991இல் வாரன் ஜாக்மன் குழு 166 பேரில் 164 பேருக்குக் கூடுதல் பாதையை அழித்தது.

இந்த வரலாற்றில் மிகப் பெரிய வியப்பு 1998இல் பிரான்சின் போர்தோவிலிருந்து வந்தது. மேலறைகள் ஒழுங்கின்றி அதிரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் மேலறை முழுக்கப் பரவிய குழப்பம் என்றே மருத்துவர்கள் கருதிவந்தார்கள். மிஷெல் ஐசகேர் குழு 45 நோயாளிகளிடம் அதைத் தூண்டிவிடும் 69 புள்ளிகளைக் கண்டது. அவற்றில் 94 விழுக்காடு நுரையீரல் சிரைகளுக்குள், வாயிலிருந்து 2 முதல் 4 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தன. இதயத்துக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தவர்கள் அதன் வாசலில் தேடவில்லை. இன்று அச்சிரைகளை மின்வழியாகத் துண்டிப்பதே அந்நோய்க்கான அப்லேஷனின், அதாவது திசுவை அழிக்கும் சிகிச்சையின், அடிப்படை.

முன்பெல்லாம் எக்ஸ்ரே நிழலில் கதீட்டரின் நிலையை ஊகித்த மருத்துவர்களுக்கு, 1990களின் நடுவில் இஸ்ரேலில் ஷ்லோமோ பென்-ஹைம் குழு உருவாக்கிய கார்ட்டோ என்னும் கருவி கண் கொடுத்தது. படுக்கைக்கு அடியில் மூன்று காந்தச் சுருள்கள், கதீட்டர் நுனியில் ஓர் உணரி: நுனி தொட்டுச் செல்லச் செல்லத் திரையில் இதய அறை முப்பரிமாணத்தில் உருவாகும். மின் அலை முதலில் எழும் இடம் சிவப்பு, கடைசியில் சேரும் இடம் ஊதா.

நாள்பட்ட ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் மட்டும் சிவப்புப் புள்ளி ஒன்று தனியாக நிற்பதில்லை. அங்கே எதை வரைவது, எதைச் சுடுவது என்பதில் வல்லுநர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.