‘வருமாம்’: ஒரு விகுதியும் கேளிக்கைப் பூங்காக்களின் வரலாறும்

நாகலாபுரத்தில் வளர்ந்தவர்களுக்கு எந்தச் செய்தியும் இரண்டு மொழிகளில்தான் வந்து சேரும். சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி வழியாகத் திருப்பதி செல்லும் பேருந்து எங்கள் ஊரைக் கடந்து செல்கிறது. என் சிறுவயதில் அப்பேருந்திலிருந்து இறங்கும் உறவினர் எவரேனும், “பீச் ரோட்டுல புதுசா ஒரு ராட்டினம் வருதாம்” என்பார். மாலைக்குள் அடுத்த தெருவில் அது “வஸ்துந்தண்ட” என்று தெலுங்காகியிருக்கும். இரண்டிலும் செய்தி ஒன்றே. யார் சொன்னார் என்பது மட்டும் இரண்டிலும் இராது.

முதுகலையில் மொழியியல் பயின்றபோதுதான் அந்தச் சிறு ‘-ஆம்’ என்னைப் பிடித்துக்கொண்டது. பிறர் கூற்றைச் சுட்டும் இவ்விகுதி ‘ஆகும்’ என்ற வினைமுற்றின் குறுக்கம். ‘வரலாம்’ என்பதில் வாய்ப்பையும் இசைவையும் காட்டும் ‘ஆம்’ என்பதும் அதே ‘ஆகும்’தான். ஆகவே ‘வருமாம்’ என்ற செவிவழிச் செய்தியும் ‘வரலாம்’ என்ற எதிர்பார்ப்பும் தமிழில் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. தெலுங்கின் ‘அண்ட’ வேறு வழியில் வந்தது. அது ‘அனு’, அதாவது ‘சொல்’ என்னும் வினையடியின் வடிவம். ‘வதந்தி’ என்ற சொல்லும் அத்தகையதே. வடமொழியில் ‘வதந்தி’ என்றால் ‘சொல்கிறார்கள்’ என்று பொருள். சொல்பவர் உண்டு; அவருக்குப் பெயர் இல்லை. தொல்காப்பியர் ‘என்ப’ என்று எழுதும்போது அங்குச் சொல்பவர் முன்னைப் புலவர் என்பது கற்பவருக்குத் தெரியும். பேருந்து நிலையத்து ‘-ஆம்’ அந்தப் பொறுப்பை எவர் மீதும் வைப்பதில்லை.

கேளிக்கைப் பூங்காக்களின் வரலாற்றை இந்த விகுதியின் வழியே படிக்க முடியும் என்பது என் துணிபு.

சென்னையில் பொதுமக்களுக்கான பூங்கா என்னும் எண்ணம் ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் காலத்தில், 1859-ஐ ஒட்டி, ‘பீப்பிள்ஸ் பார்க்’ ஆக உருப்பெற்றது. இன்று ரிப்பன் மாளிகையும் நேரு விளையாட்டரங்கமும் நிற்கும் நிலப்பரப்பு அது. ஆண்டிறுதியில் அங்கு நடந்த கண்காட்சி நகரத்தின் பெருங்கொண்டாட்டமாக இருந்தது. 1886 டிசம்பர் 31 அன்று அக்கண்காட்சியில் மூண்ட தீயில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். சென்னை மக்களின் கேளிக்கை வரலாறு, தொடங்கிய ஒரு தலைமுறைக்குள்ளாகவே இப்படியொரு துயரத்தைச் சுமந்தது.

1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜார்ஜ் ஃபெரிஸ் ஏறத்தாழ 80 மீட்டர் உயரச் சக்கரத்தை நிறுத்தினார். பின்னாளில் அதன் சிறு வடிவங்கள் நம் திருவிழாத் திடல்களுக்கும் வந்து ‘ஜெயண்ட் வீல்’ ஆயின. ஆனால், திருவிழாவோடு வந்து திருவிழாவோடு போகும் ராட்டினத்தைப் பற்றி நெடுங்காலம் ஊகிக்க ஒன்றுமில்லை. நிரந்தரப் பூங்கா வந்த பிறகுதான் ‘அடுத்து என்ன?’ என்ற கேள்வி பிறந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபி, எம்ஜிஎம். தாம்பரம் அருகே 1995-இல் திரைப்படத் தயாரிப்பாளர் நவோதயா அப்பச்சன் தொடங்கிய கிஷ்கிந்தா. இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ படத்தை 1984-இல் எடுத்தவரின் பூங்கா என்பதால், அடுத்து அவர் என்ன மாயம் காட்டுவார் என்ற எதிர்பார்ப்பு இயல்பாகவே எழுந்தது. எங்கள் தெருவில் ஓடிய ‘வருதாம்’கள் பெரும்பாலும் இந்த மூன்று பூங்காக்களைப் பற்றியவை.

அந்த ‘வருதாம்’களில் எதுவும் இன்று சான்றாக எஞ்சவில்லை. கட்டப்பட்டவற்றுக்குக் கோப்புகள் உண்டு. மக்கள் விரும்பியும் கட்டப்படாதவற்றுக்கு யாதொரு பதிவும் இல்லை. ஒரு தலைமுறை எதற்கு ஏங்கியது என்பதை அறிய வேண்டுமானால் இவையே முதன்மைச் சான்றுகள் ஆகியிருக்க வேண்டும்.

பெயரற்ற பேச்சுக்கு ஒரு விலையும் உண்டு. 1964, 1965 ஆண்டுகளில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வால்ட் டிஸ்னியின் நிறுவனம் வேறு பெயர்களிலான சிறு நிறுவனங்கள் வழியே ஏறத்தாழ 27,000 ஏக்கர் நிலத்தை வாங்கிச் சேர்த்தது. வாங்குபவர் ஃபோர்டாம், விமானத் தொழிற்சாலையாம் என்று ஊரே பேசியது. எமிலி பவார் என்ற பத்திரிகையாளர் டிஸ்னியை நேரில் கண்டு கேள்வி கேட்டார்; அவருடைய விடையில் அப்பகுதியைப் பற்றித் தென்பட்ட மிகையான விவரங்களைக் கவனித்தார். 1965 அக்டோபரில் அவருடைய நாளிதழ் ‘டிஸ்னிதான்’ என்று வெளிப்படையாக அச்சிட்டது. சில நாள்களில் மாநில ஆளுநர் அதை உறுதிப்படுத்தினார். நிலத்தின் விலை பன்மடங்கு உயர்ந்தது. வாங்குபவர் யாரென அறியாமல் முன்பே விற்றவர்கள் பழைய விலையோடு நின்றார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு என் பெரியப்பா நினைவுக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் சாலையோரம் ‘பெரிய பார்க் வருதாம்’ என்ற பேச்சு ஒரு கோடையில் பரவியது. அதை நம்பி அவர் மலையடிவாரத்து வேர்க்கடலை நிலத்தை விற்று, சாலையோரத்தில் இரண்டு மனை வாங்கினார். பூங்கா வரவில்லை. மனைகளில் இன்று சீமைக்கருவேலம் நிற்கிறது. “யார் பெரியப்பா சொன்னது?” என்று பல ஆண்டுகள் கழித்து ஒருமுறை கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “எல்லாருந்தான் சொன்னாங்க” என்றார். ‘வதந்தி’ என்ற சொல்லின் பொருளை எந்த அகராதியும் அதைவிடத் தெளிவாக எனக்குச் சொன்னதில்லை.

இப்பின்னணியில்தான் இன்றைய பூங்கா ஆர்வலர்களின் ஊகங்களை நான் வாசிக்கிறேன். இணையத்தில் அவர்கள் செய்வதை வெட்டிப்பேச்சு என்று பலர் ஒதுக்குவதைக் கண்டிருக்கிறேன். எனக்கு அதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது.

2000-இல் கொச்சியில் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கி, 2005-இல் பெங்களூருவுக்கும் 2016-இல் ஹைதராபாத்துக்கும் விரிந்த வொண்டர்லாவை எடுத்துக்கொள்வோம். அதன் சென்னைப் பூங்கா நெடுங்காலம் ‘வருமாம்’ என்ற நிலையிலேயே இருந்தது. கேளிக்கை வரி விலக்குக் கோரிக்கையால் பணி தள்ளிப்போயிற்று. திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் 2025 டிசம்பரில்தான் திறக்கப்பட்டது. இந்த இடைக்காலத்தில் ஆர்வலர்கள் கையாளக்கூடிய சான்றுகள் பல இருந்தன. நிறுவனம் 2014-இல் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டதால் காலாண்டு அறிக்கைகள் பொதுவில் கிடைத்தன. செயற்கைக்கோள் படத்தில் அடித்தள வேலையைக் காண முடிந்தது. தண்டவாளத்தின் வடிவமே ஒரு கையெழுத்து: சுவிட்சர்லாந்தின் பொலிகர் – மாபிலார் நிறுவனத்துத் தடங்களுக்குச் சதுரப் பெட்டி போன்ற முதுகுத்தண்டு இருக்கும். அதைக் கண்டு செய்தவர் யாரெனச் சொல்வது, எழுத்தமைதியைக் கண்டு கல்வெட்டின் காலத்தைக் கணிப்பதற்கு ஒப்பானது. பயணிகள் தடத்துக்குக் கீழே தொங்கிச் செல்லும் அந்நிறுவனத்து ரோலர் கோஸ்டர் ஒன்று ‘தஞ்சோரா’ என்ற பெயரில் இன்று இள்ளலூரில் ஓடுகிறது.

நல்ல ஆர்வலர் தம் ஊகத்தின் கீழ்ச் சான்றை வைக்கிறார், நாளைக் குறிக்கிறார், பிழைத்தால் ‘நான் தவறாகக் கணித்தேன்’ என்று எழுதுகிறார். அவ்விடத்தில் ‘-ஆம்’ உதிர்ந்து, தன்மை ஒருமை வந்துவிடுகிறது. வதந்தியையும் ஊகத்தையும் பிரிக்கும் கோடு அதுவே. எங்கள் ஊரில் அப்படி ஒருவர், ‘பத்திரப் பதிவைப் பார்த்தேன், அப்படி எதுவும் இல்லை’ என்று தம் பெயரில் சொல்லியிருந்தால் வேர்க்கடலை நிலம் தப்பியிருக்கும்.

அவர்கள் மீது எனக்கு ஒரு குறையும் உண்டு. உயரத்தையும் வேகத்தையும் இவ்வளவு நுணுக்கமாக ஊகிப்பவர்கள், பராமரிப்பையும் ஆய்வுச் சான்றிதழையும் அதே ஆர்வத்துடன் கேட்பதில்லை. 2012-இல் பூந்தமல்லிப் பகுதியின் ஈவிபி பூங்காவில் ஓர் இளம்பெண் ராட்டினத்திலிருந்து விழுந்து இறந்தார். அந்த இடம் பின்னர் திரைப்பட நகரமாயிற்று. இன்று பலருக்கு அது பிக் பாஸ் வீடு இருந்த இடம் மட்டுமே. 1886-இன் தீயும் அப்படித்தான் மறக்கப்பட்டது.

நாகலாபுரம் வேதநாராயணர் கோயிலைக் கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாம்பாவின் நினைவாகக் கட்டினார் என்பர். பங்குனியில் மூன்று நாள் கதிரொளி கருவறைக்குள் சென்று இறைவனின் திருமேனியில் படும். அதைப் பற்றி எங்கள் ஊரில் எவரும் ‘வருமாம்’ என்று சொல்வதில்லை; ‘வரும்’ என்றுதான் சொல்வார்கள். தாமே கண்டவர்கள் சொல்லும் சொல் அது.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். 1980கள், 90களின் பூங்கா நுழைவுச்சீட்டுகள், துண்டறிக்கைகள், ‘விரைவில்’ என்று அச்சிட்ட விளம்பரங்கள் உங்கள் வீடுகளில் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். நாளும் இடமும் குறித்துப் படமெடுத்து அனுப்புங்கள். வந்தவற்றைவிட, வராமல் போனவற்றைப் பற்றிய தாள்களே எனக்கு அதிகம் தேவை.