வெள்ளோட்டம் விட இடமில்லாத ஸ்கிரிப்டுகள்

மென்பொருளின் வரலாறு என்றால் எங்களுக்குச் சொல்லப்படுவது கராஜுக்குள்ள கொம்பனி தொடங்கின ஆக்களின் கதைதான். எழுதிய நிரலை ஓடக்கூடிய மென்பொருளாகக் கட்டி எடுக்கிற ஸ்கிரிப்டுகளைப் பற்றி ஆரும் பெரிசாகப் பேசுறேல்ல. எந்தக் கோப்பை முதலில் கம்பைல் பண்ணுவது, எதோடு எதை இணைப்பது, பழையதில் எதை அழிப்பது எல்லாம் அந்த ஸ்கிரிப்டில்தான் இருக்கு. நிரலைச் சோதிக்க நூறு வழி கண்டுபிடித்தவர்கள், இதைச் சோதிக்க ஏன் இவ்வளவு காலம் எடுத்தார்கள் என்பதே எங்கட கேள்வி.

1976 இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ‘மேக்’ என்ற கருவியை எழுதினார். அவருடைய சகபாடி ஸ்டீவ் ஜோன்சன், ஏற்கெனவே திருத்திய நிரலில் பிழை தேடி ஒரு காலைப்பொழுதை வீணாக்கியதுதான் அதற்குக் காரணம். திருத்திய கோப்பை அவர் திரும்பக் கம்பைல் பண்ணவில்லை, அவ்வளவுதான். மேக்குக்கான கோப்பில் கட்டளை வரிகள் டப் எழுத்தோடுதான் தொடங்க வேண்டும். சாதாரண இடைவெளி விட்டால் பிழை. கண்ணுக்கோ இரண்டும் ஒன்றுதான். இது சரியில்லை என்று ஃபெல்ட்மனுக்குச் சீக்கிரமே விளங்கியது. ஆனால் அதற்குள் ஒரு டசின் பேரளவில் அதைப் பாவிக்கத் தொடங்கிவிட்டார்கள், பெரும்பாலும் நண்பர்கள். அவர்களுடைய வேலையைக் குழப்ப மனமில்லாமல் அப்படியே விட்டார். ஐம்பது வருசமாக உலகம் அந்த டப்போடு மாரடிக்குது! இதைச் சோம்பல் என்று நாங்கள் சொல்லமாட்டோம். மாற்றத்தை ஒரு புறம்பான இடத்தில் விட்டுப் பார்க்க வசதியில்லாதவரின் பயம் அது.

மேக்கில் ‘-என்’ என்றொரு தெரிவும் இருந்தது. கட்டளைகளை ஓட்டாமல், எதை ஓட்டப்போகிறது என்று மட்டும் எழுதிக்காட்டும். வெள்ளோட்டம் மாதிரித்தான். ஆனால் படகு தண்ணியில இறங்காத வெள்ளோட்டம்.

இறக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு 2011 இல் ‘பம்பிள்பீ’ என்ற லினக்ஸ் மென்பொருளின் நிறுவல் ஸ்கிரிப்ட் நல்ல உதாரணம். அழிக்கவேண்டிய அடைவின் பாதைக்கு நடுவில் ஒரேயொரு இடைவெளி தவறுதலாக விழுந்திருந்தது. அதனால் ஓட்டியவர்களின் கணினியில் ‘யூஎஸ்ஆர்’ அடைவு முழுதும் போனது. அழிந்தாலும் பரவாயில்லை என்ற ஒரு தற்காலிகக் கணினியில் முதலில் ஓட்டியிருந்தால் சேதம் அதோட நின்றிருக்கும். மொஸில்லாக்காரர் ‘ட்ரை’ சேர்வர் என்று வைத்தது இந்த மாதிரி ஒரு இடத்தைத்தான். மாற்றத்தைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்கமுதல் அங்கே அனுப்பிக் கட்டிப் பார்க்கலாம். உடைந்தால் அனுப்பியவருக்கு மட்டும்தான் உடையும்.

இதுவரை வந்ததெல்லாம் கைப்பிழை. 2024 இல் ‘எக்ஸ்இசட்’ என்ற சுருக்கக் கருவியில் வந்தது சதி. நஞ்சு, பழுதான சோதனைக் கோப்பு போலத் தெரிகிற ஒன்றுக்குள் மறைந்திருந்தது. அதை வெளியே எடுக்கிற வரி வெளியீட்டுப் பொதியின் கட்டும் ஸ்கிரிப்டில் மட்டும் இருந்தது. பொதுக் களஞ்சியத்தில் இல்லை. ஏட்டுச்சுவடி படித்த எங்கட ஆக்கள் இதைப் பாடபேதம் என்பார்கள். அதிலும், டெபியன் அல்லது ஆர்பிஎம் பொதியாகக் கட்டும்போது மட்டும்தான் அந்த வரி வேலை செய்யும். ஒருவர் தன்ர மடிக்கணினியில் சும்மா கட்டிப் பார்த்தால் எல்லாம் சுத்தமாக இருக்கும். வெள்ளோட்டம் என்று தெரிந்தால் நல்லபிள்ளையாக நடிக்கிற ஸ்கிரிப்ட்! அன்ட்ரெஸ் ஃப்ராயின்ட் என்ற பொறியியலாளர், எஸ்எஸ்எச் நுழைவு ஏறத்தாழ அரை விநாடி பிந்துவதைக் கவனித்துக் கிண்டிப்பார்த்து, மார்ச் 29 அன்று வெளியே சொன்னார்.

ஒரே நிரலை இரண்டு இடத்தில் தனித்தனியாகக் கட்டி, விளைவு பிட்டுக்குப் பிட்டு ஒன்றா என்று பார்க்கிற வேலையை டெபியன் குழுவினர் 2013 இலிருந்து செய்துவருகிறார்கள். கட்டிய நேரம் உள்ளே பதிந்தாலே விளைவு வேறாகிவிடும் என்பதால் பொறுமையான வேலை அது. ஆனால் எக்ஸ்இசட்டில் இரண்டு இயந்திரமும் அதே பொதியை எடுத்து அதே முறையில் கட்டியிருந்தால், இரண்டிலும் ஒரே நஞ்சுதான் வந்திருக்கும். பொதியையும் களஞ்சியத்தையும் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடுற வேலை மிச்சம் கிடக்கு.