பெரிய தாத்தாவின் ஓட்டு



என் தாத்தாவின் அண்ணன் நுவரெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். 1931-இல் இலங்கையில் வயது வந்தோர் வாக்குரிமை வந்தபோது, அங்கேயே நிலைத்துவிட்ட தோட்டத் தொழிலாளரும் ஓட்டுப் போட்டார்கள். இங்கே திருவண்ணாமலையில் சொத்தில்லாத தாத்தாவுக்கு ஓட்டு கிடையாது.

1947 தேர்தலில் அந்தத் தொழிலாளர் ஓட்டால் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. அது கண்ணை உறுத்திவிட்டது என்பேன். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானார்கள். 1949 தேர்தல் திருத்தத்தால் ஓட்டும் போயிற்று. 1952-இல் தொண்டமான் உள்ளிட்டோர் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். ஓட்டு திரும்பவில்லை. அதே 1952-இல்தான் தாத்தா இங்கே முதல் ஓட்டுப் போட்டார்!

சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி பெரிய தாத்தா கப்பலேறி ஊர் திரும்பினார். 1977 தேர்தலில் அவரைச் சாவடிக்குக் கைபிடித்து அழைத்துப் போனவன் நான். திரும்பும் வழியெல்லாம் மை வைத்த விரலையே பார்த்துக்கொண்டு வந்தார்.