ஸ்ரீரங்கம் சொன்ன பதில்

திருச்சித் தேர்தல் கதைகள் – 17

96,516. 2015 பிப்ரவரி 16 அன்று ஸ்ரீரங்கம் இடைத்தேர்தல் முடிவு வெளியானபோது தமிழகம் முழுக்கப் பேசப்பட்ட எண் இதுதான். அ.தி.மு.க. வேட்பாளர் எஸ். வளர்மதிக்கு 1,51,561 வாக்குகள். தி.மு.க.வின் என். ஆனந்துக்கு 55,045. பா.ஜ.க.வின் எம். சுப்பிரமணியம் 5,015 வாக்குகளோடும், மார்க்சிஸ்ட் கட்சியின் கே. அண்ணாதுரை 1,552 வாக்குகளோடும் நின்றுவிட்டார்கள். களத்தில் இருந்த 29 பேரில் முதல் இருவரைத் தவிர அத்தனை பேரும் டெபாசிட் இழந்தார்கள்.

முடிவு வந்ததும் இரண்டு விதமான பேச்சு கிளம்பியது. நீதிமன்றத் தீர்ப்புக்கு மக்கள் மன்றம் கொடுத்த பதில் என்றது ஆளும் தரப்பு. பணமும் அதிகாரமும் வாங்கிய வெற்றி என்றன எதிர்க்கட்சிகள். இத்தனை ஆண்டுகள் கழித்து எண்களை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால், இரண்டு பேச்சுமே ஸ்ரீரங்கத்து வாக்காளருக்கு நியாயம் செய்யவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவரிடம் கேட்கப்பட்ட கேள்வியே வேறு. அந்தக் கேள்விக்கு அவர் தெளிவாகப் பதில் சொன்னார்.

முதலில், அந்தத் தேர்தல் வந்த கதை.

2014 செப்டம்பர் 27. சொத்துக் குவிப்பு வழக்கில் பெங்களூரு சிறப்பு நீதிமன்ற நீதிபதி ஜான் மைக்கேல் டி குன்ஹா, முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு 4 ஆண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார். முன்பெல்லாம் மேல்முறையீடு செய்துவிட்டால் பதவியில் தொடரலாம். அதற்கு வழி செய்திருந்த மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8(4) பிரிவை, லில்லி தாமஸ் வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்துவிட்டது. ஆகவே தீர்ப்பு வந்த கணமே முதலமைச்சர் பதவியும் சட்டமன்ற உறுப்பினர் பதவியும் போயின. பதவியில் இருக்கும்போதே இப்படித் தகுதி இழந்த முதல் முதலமைச்சர் அவர்தான். செப்டம்பர் 29-ஆம் தேதி ஓ. பன்னீர்செல்வம் முதலமைச்சராகப் பதவியேற்றார். ஜெயலலிதாவின் ஸ்ரீரங்கம் தொகுதி காலியானதாக நவம்பரில் அறிவிக்கை வெளியானது. காலியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்பது விதி. 2015 பிப்ரவரி 13-ஆம் தேதி வாக்குப்பதிவு.

வெளியூர்க்காரர்களுக்கு ஸ்ரீரங்கம் என்றால் ராஜகோபுரமும் உத்திர வீதியும் அம்மா மண்டபமும்தான். தொகுதி அப்படியல்ல. தீவில் இருக்கும் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் அதில் ஒரு பகுதி. மிச்சமெல்லாம் காவிரிக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் கிராமங்கள். ஜீயபுரம், பெட்டவாய்த்தலை பக்கம் வாழையும் நெல்லும். மணிகண்டம், இனாம்குளத்தூர் பக்கம் போனால் மழையை நம்பிய மேட்டு நிலம். முத்தரையர்களும் பட்டியல் இனத்தவரும் திரளாக வாழும் ஊர்கள் இவை. இங்கே வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது மதிலுக்கு உள்ளே இருக்கும் வீதிகள் அல்ல, இந்தக் கிராமத்து வாக்குச்சாவடிகள்.

2011-இல் ஜெயலலிதா இங்கே போட்டியிட்டபோது, தன் முன்னோர் ஊர் என்று சொல்லித்தான் வாக்குக் கேட்டார். 1,05,328 வாக்குகள் வாங்கினார். எதிர்த்து நின்ற அதே ஆனந்துக்கு 63,480. முதலமைச்சரின் தொகுதி ஆனதும் ஸ்ரீரங்கத்தின் நடையே மாறியது. நவலூர் குட்டப்பட்டில் தேசிய சட்டப் பள்ளியும் பெண்களுக்கான தோட்டக்கலைக் கல்லூரியும் வந்தன. சேதுராப்பட்டியில் அரசுப் பொறியியல் கல்லூரி வந்தது. கொள்ளிடக் கரைப் பக்கம் பக்தர்களுக்காக யாத்ரி நிவாஸ் எழுந்தது. கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் என்ற திட்டம் 2012-இல் பழனியிலும் ஸ்ரீரங்கத்திலும்தான் முதலில் தொடங்கியது. மூன்று ஆண்டுக்குள் இவ்வளவும் ஒரு தாலுகாவுக்குள் வந்து இறங்கினால் மக்கள் பார்க்காமலா இருப்பார்கள்?

அந்த வசதியைத் தந்தவர் ஒரே நாளில் போய்விட்டார். ஆனால் ஆட்சி போகவில்லை. முதலமைச்சர் நாற்காலியில் அவர் கட்சிக்காரர் இருக்கிறார். மேல்முறையீடு கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நாள்தோறும் விசாரணையில் இருக்கிறது. இந்த நிலையில் மணிகண்டத்து விவசாயியிடம் கேட்கப்பட்ட கேள்வி, 'தமிழ்நாட்டை யார் ஆள வேண்டும்?' என்பதல்ல. அது 2016 வரை முடிவான விஷயம். 'பாக்கி இருக்கும் ஒன்றேகால் வருடத்துக்கு உங்கள் ஊர் வேலையை யார் மூலம் நடத்திக்கொள்ளப் போகிறீர்கள்?' என்பதுதான் கேள்வி.

தேர்தல் களம் எப்படி இருந்தது என்பதை ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அமைச்சர்கள் முகாமிட்டார்கள், ஆளுக்கொரு பகுதி பிரித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். தி.மு.க.வுக்கு மு.க. ஸ்டாலின் பிரசாரம் செய்தார். காங்கிரஸ், பா.ம.க. உள்ளிட்ட பல கட்சிகள் போட்டியிடவில்லை. ஜெயலலிதா தொகுதிப் பக்கம் வரவே இல்லை. ஆனாலும் ஓட்டுக் கேட்டதெல்லாம் அவர் பெயரைச் சொல்லித்தான்.

வாக்குச்சாவடிக்குள் ஒரு சின்ன விஷயம். ஒரு மின்னணு வாக்குப்பதிவுக் கருவியில் 16 பொத்தான்கள்தான் இருக்கும். 29 வேட்பாளர்களும் நோட்டாவும் சேர்ந்து 30 ஆனதால், ஒவ்வொரு சாவடியிலும் இரண்டு கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் இணைத்து வைக்க வேண்டியதாயிற்று. அந்த நீளமான பட்டியலுக்குள் தேடித்தான் இரட்டை இலையையும் உதயசூரியனையும் மக்கள் கண்டுபிடித்து அழுத்தினார்கள். நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வாக்குப்பதிவு.

இப்போது எண்களுக்கு வருவோம். 2011-இல் இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து வாங்கியது 1,68,808 வாக்கு. 2015-இல் 2,06,606. அதாவது 37,798 வாக்குகள் கூடுதல். இந்த நாலு வருடத்தில் தி.மு.க. இழந்தது 8,435 வாக்கு மட்டும்தான். அ.தி.மு.க.வுக்குக் கூடியதோ 46,233. தி.மு.க.வின் கோட்டை சரிந்துவிட்டது என்று அன்றைக்கு எழுதியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. சரிவே இல்லாமல் இல்லை. ஆனால் கூடுதலாக வந்த வாக்கு முழுவதும் ஆளும் கட்சிப் பக்கம் போய்ச் சேர்ந்ததுதான் பெரிய செய்தி.

இது ஸ்ரீரங்கத்துக்கு மட்டும் நடந்ததா? அந்த ஐந்தாண்டு ஆட்சியின் இடைத்தேர்தல்கள் சிலவற்றை அடுக்கிப் பார்க்கலாம். 2012 மார்ச்சில் சங்கரன்கோவில், வித்தியாசம் 68,757. ஜூனில் பக்கத்து ஊரான புதுக்கோட்டை, 71,498. 2013 டிசம்பரில் ஏற்காடு, 78,116. பிறகு ஸ்ரீரங்கம், 96,516. உயர் நீதிமன்றத்தில் விடுதலையாகி மீண்டும் முதலமைச்சரான ஜெயலலிதா 2015 ஜூனில் ஆர்.கே. நகரில் நின்றபோது 1,50,722. ஒவ்வொரு படியும் முந்தையதைவிட உயரம்.

இந்தப் படிக்கட்டின் கீழ்ப்படி திருச்சியில்தான் இருக்கிறது. திருச்சி மேற்கு. 2011 மே மாதம் கே.என். நேருவை 7,179 வாக்குகளில் தோற்கடித்து அமைச்சரானவர் மரியம் பிச்சை. பதவியேற்று ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மே 23-ஆம் தேதி, சட்டமன்ற உறுப்பினராக உறுதிமொழி எடுத்துக்கொள்ளச் சென்னைக்குக் காரில் போகும் வழியில், பெரம்பலூர் மாவட்டம் பாடாலூர் அருகே விபத்தில் இறந்துபோனார். சட்டமன்றத்துக்குள் உறுப்பினராக ஒரு நாள்கூட உட்காராமலே அவர் கதை முடிந்தது. திருச்சிக்காரர்கள் இன்றைக்கும் வருத்தத்தோடு பேசும் சாவு அது.

அக்டோபர் 13-ஆம் தேதி இடைத்தேர்தல். அ.தி.மு.க. நிறுத்தியது மு. பரஞ்சோதியை. 2006 முதல் 2011 வரை ஸ்ரீரங்கம் உறுப்பினராக இருந்து, தலைவிக்காக அந்தத் தொகுதியை விட்டுக்கொடுத்தவர். எதிரே மீண்டும் நேரு; நில அபகரிப்புப் புகாரில் கைதாகிச் சிறையில் இருந்தபடியே வேட்பாளரானார். பரஞ்சோதிக்கு 69,029, நேருவுக்கு 54,345. வித்தியாசம் 14,684, அதாவது மே மாதத்தைவிட இரண்டு மடங்கு. அ.தி.மு.க. செல்வாக்கு இரட்டிப்பானது என்று பேசினார்கள். உண்மையில் அந்தக் கட்சியின் வாக்கு 77,492-லிருந்து 8,463 குறைந்திருந்தது. நேருவின் வாக்கு 15,968 குறைந்ததால்தான் இடைவெளி பெரிதாகத் தெரிந்தது. ஐந்து மாதத்துக்குள் இரண்டாவது தேர்தல் என்றதும் மக்களில் ஒரு பகுதியினர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

ஆளும் கட்சிதான் எப்போதும் ஜெயிக்கும் என்றும் சொல்ல முடியாது. அதற்குத் திருச்சியிலேயே சாட்சி உண்டு. மத்திய மின்துறை அமைச்சராக இருந்த ரங்கராஜன் குமாரமங்கலம் 2000 ஆகஸ்டில் காலமானதால் திருச்சி நாடாளுமன்றத் தொகுதி காலியானது. 1998, 1999 இரண்டு முறையும் பா.ஜ.க.வுக்கு அவர் ஜெயித்துக் கொடுத்த தொகுதி. இடைத்தேர்தலை 2001 மே மாதச் சட்டமன்றத் தேர்தலோடு சேர்த்து வைத்தார்கள். மாநிலத்தில் தி.மு.க. ஆட்சி, அதன் கூட்டணியில் பா.ஜ.க. ஆனாலும் வென்றவர் அ.தி.மு.க.வின் தலித் எழில்மலை. பொதுத் தொகுதியில் ஒரு தலித் தலைவர் நின்று ஜெயித்தது தமிழக அரசியலில் அபூர்வம். திருச்சி அதற்காகப் பெருமைப்படலாம், போதுமான அளவு பெருமைப்படவில்லை என்பது என் ஆதங்கம். அன்றைக்கு வாக்காளர் ஆட்சியையே மாற்றும் தேர்தலில் நின்றுகொண்டிருந்தார். அதனால் அவர் கை அந்தப் பக்கம் போனது.

ஆக, ஆட்சி மாறும் தேர்தலோடு சேர்ந்து வந்தால் இடைத்தேர்தல் மாநிலக் காற்றோடு போகிறது; தனியாக வந்தால் உள்ளூர்க் கணக்கோடு நடக்கிறது. 2017 டிசம்பரில் ஆர்.கே. நகரில் ஆளும் கட்சியைத் தோற்கடித்து, சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றது போன்ற விதிவிலக்குகள் உண்டு. அந்த முடிவில் ஜெயலலிதாவின் மரணத்துக்குப் பிந்தைய குழப்பமும் சேர்ந்திருந்தது.

இதைச் சொல்வதால் அமைச்சரவை முழுவதும் ஒரு தொகுதியில் வந்து உட்காருவது சரி என்று ஆகிவிடாது. 2009 திருமங்கலம் இடைத்தேர்தலில் தி.மு.க. அரசு செய்ததையும் 2015-இல் ஸ்ரீரங்கத்தில் அ.தி.மு.க. அரசு செய்ததையும் ஒரே தராசில்தான் நிறுக்க வேண்டும். அரசாங்கத்தின் மொத்த பலத்தையும் இரண்டே முக்கால் லட்சம் வாக்காளர்கள் மீது இறக்கிவிட்டு, அதன் பிறகு கிடைத்த வாக்கை மாநிலத்தின் மனசு என்று காட்டுவது நேர்மையல்ல. ஆனால் அந்த பாரத்துக்குக் கீழே நின்று வாக்களித்தவரை விலைபோனவர் என்று இழிவாகப் பேசவும் எனக்கு மனம் வரவில்லை.

பதினைந்து மாதம் கழித்து, 2016 மே மாதம், அதே ஸ்ரீரங்கத்தில் அதே வளர்மதி மறுபடி நின்றார். இந்த முறை ஆட்சி யாருக்கு என்பதே கேள்வி. அவருக்கு 1,08,400, தி.மு.க.வின் எம். பழனியாண்டிக்கு 93,991. ஜெயித்தார், ஆனால் 96,516 என்ற வித்தியாசம் 14,409 ஆகச் சுருங்கியது. அதே நாளில் திருச்சி மேற்கில் நேரு 28,415 வாக்குகள் கூடுதலாகப் பெற்று, இழந்த இடத்தை மீட்டார். 2021-இல் அங்கே அவருடைய வித்தியாசம் 85,109. ஸ்ரீரங்கத்தை அந்த ஆண்டு பழனியாண்டி 19,915 வாக்கில் கைப்பற்றினார்.

ஜெயலலிதா ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பவில்லை; 2016-இலும் ஆர்.கே. நகரிலேயே நின்றார். அந்தத் தேர்தலுக்குப் பின் வளர்மதி பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலத்துறை அமைச்சரானார்.

(தொடரும்)