இந்திய மருத்துவக் கல்வியும் நம் தோட்டத்துப் பிள்ளைகளும்



சில ஆண்டுகளுக்கு முன்பு, பீடோங் அருகே ஒரு தோட்டத்தில் பணிபுரிந்த தந்தை ஒருவர் என் வீட்டிற்கு வந்தார். அவருடைய மகள் தமிழ்ப்பள்ளியில் என்னிடம் பயின்றவள். எஸ்.டி.பி.எம். தேர்வில் உயிரியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சிறந்த தேர்ச்சி பெற்றிருந்தாள். இந்தியாவில் மருத்துவம் பயில விண்ணப்பித்தாள். இயற்பியல் பயிலவில்லை என்ற ஒரே காரணத்தால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. "நல்ல புள்ளிதானே எடுத்திருக்கா, சார்? இதை ஒருத்தரும் முன்னாடியே சொல்லலையே!" என்றார் தந்தை.

என்னால் நிமிர்ந்து பார்க்க இயலவில்லை. ஆறாம் படிவத்தில் சேருமுன் அவள் என்னிடம்தான் கருத்துக் கேட்டாள். "கணிதத்தில் நீ கெட்டிக்காரி, அதையே எடு" என்று சொன்னவன் நான். அதன் பின்னரே இப்படிப்பிற்குரிய தகுதிகளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அதனை உங்களோடு பகிர்ந்துகொள்வது என் கடமை எனக் கருதுகிறேன்.

கெடாவின் தோட்டங்களில் நம் முன்னோர் அறிந்த மருத்துவர், பெரும்பாலும் 'டிரஸர்' என்றழைக்கப்பட்ட மருத்துவ உதவியாளர்தாம். சிங்கப்பூரில் 1905ஆம் ஆண்டு ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. பின்னாளில் அது ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. அலோர்ஸ்டாரில் பிறந்து அங்குள்ள ஆங்கிலப் பள்ளியில் பயின்ற டாக்டர் மகாதீர், 1947இல் அக்கல்லூரியில் சேர்ந்து 1953இல் பட்டம் பெற்றார். ஆனால் அங்கே நுழைய ஆங்கிலக் கல்வி வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை முடித்துக்கொண்ட பிள்ளைக்கு அவ்வாயில் திறக்கவில்லை.

கடலுக்கு அப்பால் நிலைமை என்ன? சென்னையில் 1835ஆம் ஆண்டிலேயே மருத்துவப் பள்ளி தோன்றியது. அங்கே 1875இல்தான் பெண்கள் சேர்க்கப்பட்டனர். புதுக்கோட்டையைச் சேர்ந்த முத்துலட்சுமி 1907இல் சேர்ந்து 1912இல் மருத்துவரானார். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியோ பெண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஆண்கள் 1947இல்தான் அங்கே இடம் பெற்றனர். தகுதி என்பது கல்மேல் எழுத்தன்று. காலந்தோறும் மாறுவது என்பதற்கு இவை சான்றுகள்.

இத்துடன் மற்றொரு செய்தியையும் கருத வேண்டும். ஒரு நாடு வழங்கும் பட்டத்தை மற்றொரு நாடு ஏற்க வேண்டும். சிங்கப்பூர்ப் பட்டயத்தை 1916இல் ஏற்ற பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம், இந்தியப் பட்டங்களுக்கு அளித்திருந்த ஏற்பினை 1930இல் விலக்கிக்கொண்டது. அதன் விளைவாகவே 1933இல் இந்திய மருத்துவ மன்றச் சட்டம் பிறந்தது. நம் நாட்டில் 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம், ஏற்கப்பட்ட பட்டங்களின் பட்டியலை வகுத்துள்ளது. அப்பட்டியல் நாட்டைப் பார்த்து ஏற்பு வழங்குவதில்லை. கல்லூரியையும் பல்கலைக்கழகத்தையும் பார்த்தே வழங்குகிறது. எனவே "இந்தியாவில் படித்தால் செல்லும்" என்று பொதுவாகச் சொல்லுதல் தவறு. பட்டியலில் இல்லாத கல்லூரியில் பயின்று திரும்புவோர் தகுதித் தேர்வில் தேற வேண்டும்.

கர்நாடகத்தின் மணிப்பாலில் 1953இல் தொடங்கிய கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியில் மலேசிய மாணவர் பலர் பயின்றுள்ளனர். அதன் தொடர்ச்சியாக 1997இல் மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரி உருவானது. 2001இல் நம் சுங்கை பட்டாணியிலேயே ஏய்ம்ஸ்ட் கல்வி நிலையம் தொடங்கி, பின்னர் பீடோங் செமிலிங்கில் நிலைகொண்டது. அதே நகரில் ஆசிரியர் பயிற்சி பெற்ற எனக்கு, மருத்துவக் கல்வி நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது போன்ற மகிழ்ச்சி உண்டாயிற்று. எனினும் வாசல் அருகில் இருப்பது வேறு. நுழையும் தகுதி பெறுவது வேறு.

இனி, இன்றைய நிலைக்கு வருவோம். இந்திய மருத்துவ மன்றத்தின் இடத்தில் 2020 முதல் தேசிய மருத்துவ ஆணையம் இயங்குகிறது. இந்தியாவில் இளநிலை மருத்துவத்தில் சேர 17 வயது நிறைந்திருத்தல் வேண்டும். பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிக் கல்வி வேண்டும். நம் எஸ்.பி.எம். பதினோராம் ஆண்டோடு முடிவதால் அது மட்டும் போதாது. இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றைப் பயின்று தேர்ச்சி பெற வேண்டும். 720 புள்ளிகளுக்கான நீட் நுழைவுத் தேர்வும் உண்டு. அதனை வெளிநாட்டினரும் எழுதலாம். 2022இல் கோலாலம்பூரிலும் அதற்கு மையம் அமைந்தது. படிப்பு நான்கரை ஆண்டு. அதன்பின் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி.

நம் மலேசிய விதியோ எஸ்.டி.பி.எம். மாணவர்க்கு உயிரியல், வேதியியலுடன் இயற்பியல் அல்லது கணிதம் போதும் என்கிறது. இந்த 'அல்லது' என்னும் ஒரு சொல்லில்தான் என் மாணவி இடறி விழுந்தாள். நம் ஆறாம் படிவங்களில் உயிரியல் எடுப்போர் இயற்பியலை விட்டுக் கணிதத்தைத் தேர்வது வழக்கம். உள்நாட்டில் அதனால் குறையில்லை. இந்திய வாயிலில் அதுவே தடையாகிறது. பன்னிரண்டாம் வகுப்பிற்குப் பின் கூடுதல் பாடமாகப் பயின்றாலும் ஏற்கலாம் என இந்திய ஆணையம் 2023இல் அறிவித்தது ஆறுதலே. ஆயினும் அவளுக்கு அது காலம் கடந்து வந்த செய்தி.

பெற்றோர்களே, நான்காம் படிவத்தில் பாடத் தேர்வு செய்யும்போதே இயற்பியலையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆறாம் படிவத்திலும் விடாதிருக்கட்டும். கல்லூரிக்கு ஒரு காசு கட்டுமுன், அதன் பெயர் மலேசிய மருத்துவ மன்றத்தின் பட்டியலில் உள்ளதா என்று நேரில் பாருங்கள். முகவர் சொல்லை மட்டும் நம்பி வைப்புத்தொகையையும் நகையையும் இழக்க வேண்டா.

ஆசிரிய நண்பர்களே, "நாம் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள்தாமே, நமக்கேன் இது?" என்று எண்ண வேண்டா. தோட்டத்துப் பிள்ளை பன்னிரண்டு வயதில் நம்மைவிட்டுச் சென்றாலும், ஐயம் வரும்போது நம்மையே தேடி வருகிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தேடிப் பார்த்து விடையளிப்போம். அன்று நான் அதைச் செய்யத் தவறினேன்.