ஒரு பொத்தானின் சரித்திரம்

விண்ணப்பத்தோடு புகைப்படத்தையும் சேர்த்து அனுப்பும்படி வலைப்பக்கம் கேட்கிறது. பெயருக்கும் விலாசத்துக்கும் அழகான கட்டங்கள். புகைப்படத்துக்கு மட்டும், அடுத்த வீட்டிலிருந்து இரவல் வாங்கி ஒட்டியதுபோல் ஒரு சாம்பல் நிறப் பொத்தான். மற்றதெல்லாம் பக்கத்தை அமைத்தவனின் கைவண்ணம். இந்தப் பொத்தான் உலாவியின் சொத்து. ஏன் இந்தப் பிடிவாதம் என்று விசாரிக்கப் போனால் சுமார் முப்பது வருஷத்துக் கதை கிடைக்கிறது.

1995 நவம்பரில், ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த எர்னெஸ்டோ நெபெல், லாரி மாசின்டர் என்ற இருவர் ஒரு யோசனையை வெளியிட்டார்கள். ஆர்.எஃப்.சி. 1867 என்பது அந்த ஏட்டின் இலக்கம். அதுவரை வலைப்பக்கப் படிவத்தில் எழுத்தைத்தான் நிரப்பி அனுப்பலாம். ஒரு கோப்பை அப்படியே அனுப்ப வழியில்லை. அந்த வழியை அவர்கள் வகுத்தார்கள். ஆனால் பார்வைக்கு அது எப்படி இருக்க வேண்டும் என்று கட்டளையிடவில்லை. கோப்பின் பெயரைக் காட்டலாம், பக்கத்தில் ‘பிரௌஸ்’ என்று ஒரு பொத்தான் வைக்கலாம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். அந்த ‘லாம்’ செய்த வேலையைப் பாருங்கள்! நெட்ஸ்கேப்பின் இரண்டாம் பதிப்பு இந்த வசதியைக் கொண்டுவந்தது. மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். ஒருவர் கட்டமும் பொத்தானும் வைத்தார். 2003-இல் பிறந்த சஃபாரியோ கட்டமே வேண்டாமென்று பொத்தானுக்குப் பக்கத்தில் பெயரை மட்டும் எழுதிற்று. ஒரே பக்கம், உலாவிக்கு ஒரு முகம்.

நிறத்தையாவது மாற்ற விட்டிருக்கக் கூடாதா என்று பக்கம் அமைப்பவர்கள் முணுமுணுத்தார்கள். உலாவிக்காரர்களின் பயம் வேறு. நாம் கேட்காமல் நம் கணினியிலிருந்து ஒரு கோப்பும் வெளியே போகக் கூடாது என்று அந்த 1995 ஏடே எச்சரித்திருந்தது. அதனால்தான் கோப்பின் பெயரைப் பக்கம் தானே நிரப்பிக்கொள்ள உலாவிகள் இடங்கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால், செய்தி படிக்கப் போனவரின் கடிதங்கள் அவருக்குத் தெரியாமலே ஊர்போய்ச் சேர்ந்திருக்கும்.

அப்படியும் திருடனுக்கு ஒரு சந்து அகப்பட்டது. வேறெங்கோ நாம் தட்டும் எழுத்துக்களில் வேண்டியவற்றை மட்டும் பொறுக்கி, மறைவாக இருந்த கோப்புக் கட்டத்தில் சேர்த்துவிட முடியும் என்று 2006 வாக்கில் சிலர் செய்து காட்டினார்கள். 2008-இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் மூன்றாம் பதிப்பும், 2009-இல் வந்த எக்ஸ்ப்ளோரர் எட்டாம் பதிப்பும், அந்தக் கட்டத்தில் யாரும் தட்டெழுத முடியாதபடி செய்துவிட்டன.

அலங்காரப் பிரியர்கள் இதற்குள் வேறு தந்திரம் கண்டுபிடித்திருந்தார்கள். பீட்டர்-பால் கோக் என்ற டச்சுக்காரரின் வாசகரான மைக்கேல் மெக்ராடிக்குத் தோன்றிய யோசனை அது. அழகான போலிப் பொத்தான் ஒன்றை வரைந்து வைப்பது; நிஜப் பொத்தானைக் கண்ணாடிபோல் நிறமற்றதாக்கி அதன்மேல் கவிழ்ப்பது. கண் போலியைப் பார்க்கும். விரல் நிஜத்தை அழுத்தும். பிறகு நிஜப் பொத்தானை அடியோடு ஒளித்துவிட்டு அதன் பெயர்ப்பலகையை மட்டும் அலங்கரிக்கும் வழக்கமும் வந்தது. அவசரக்காரர்கள் அதைச் சரியாக ஒளிக்கத் தெரியாமல், சுட்டியில்லாமல் விசைப்பலகையை மட்டும் நம்பியிருக்கும் பார்வையற்றவர்களுக்கு வாசலையே அடைத்தார்கள். அழகுக்காகச் செய்த காரியத்தில் இது ஒன்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கதை எழுதுகிறவனுக்குப் பிடித்த சமாசாரம் ஒன்றும் உண்டு. பழைய உலாவிகள் சில, கோப்பு இருக்கும் முழுப் பாதையையும் பக்கத்துக்குச் சொல்லிவிடும். சில வேளை அதில் நம் பெயரும் இருக்கும். அதை மறைக்க வேண்டும். ஆனால் பாதையை எதிர்பார்த்தே எழுதப்பட்ட பழைய பக்கங்கள் நின்றுபோகவும் கூடாது. ஆகவே ‘சி’ டிரைவில் ‘ஃபேக்பாத்’, அதாவது பொய்ப்பாதை, என்ற இடத்தில் கோப்பு இருப்பதாக உலாவி சொல்ல வேண்டும் என்று எச்.டி.எம்.எல். விதியே எழுதிவிட்டார்கள். ‘சி’ டிரைவே இல்லாத கைப்பேசியும் அந்தப் பொய்யைக் கூசாமல் சொல்கிறது.

2020 அக்டோபரில் ஃபயர்ஃபாக்ஸும், 2021-இல் குரோமும் சஃபாரியும், பொத்தானுக்கு வண்ணம் தீட்ட ஒரே பொதுப்பெயரை ஏற்றுக்கொண்டன. நிறம், ஓரம், எழுத்தின் அளவு எல்லாம் இப்போது பக்கம் அமைப்பவன் கையில். பொத்தானின்மேல் உள்ள வார்த்தை மட்டும் இன்னும் உலாவியுடையதுதான். பக்கம் முழுவதும் தமிழாக இருந்தாலும், ஆங்கில உலாவியில் திறந்தால் அந்த ஒரு பொத்தான் ஆங்கிலம் பேசுகிறது.